வாசலடுப்பு

ஆற்றோரக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி மேட்டைத் தோண்டி மூன்று வளை வெட்டியது. ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டது. ஒரு வளையில் கீரி. பக்கத்து வளையில் முயல், குட்டிகளோடு.

ஒருநாள் கீரி வந்து, "வீட்டுக்காரரே, வாசல்ல அடுப்பு மூட்டி நண்டு சுட்டுக்கட்டுமா?" என்று கேட்டது.

முயல் ஓடி வந்தது. "வேண்டாங்க! புகை நேரா என் வளைக்குள்ளதான் வரும். குட்டிங்க பச்சை உடம்பு!"

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு யோசித்தது.

"நான் நியாயமானவன். சுட்டுப் பார்க்காம எப்படிச் சொல்ல? ஆனா நண்டு எனக்கு ஆகாது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடு, புகை எப்படின்னு பார்ப்போம்."

கீரி சுட்டது. முள்ளம்பன்றி தின்றது.

"ம்... ஒண்ணும் புரியல. நாளைக்கு மக்காச்சோளம்!"

மறுநாள் சோளம். அப்புறம் பனங்கிழங்கு. குட்டிகள் இருமி இருமிச் சோர்ந்தன.

"முடிவு என்னங்க ஆச்சு?" என்றது முயல், அழாத குறையாக.

"அவசரப்படாத தாயி! மரவள்ளி இன்னும் பாக்கி இருக்கே!"

மரவள்ளி சுட்ட அன்று முள்ளம்பன்றி மூக்குமுட்டத் தின்றது. ஏப்பம் விட்டபடி தன் வளைக்குள் நுழைந்தது. தலை போனது. முன்னங்கால் போனது. வயிறு போகவில்லை! பின்னால் வரலாமென்றால் முள் மண்ணில் குத்திக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்றும் திரும்பியது. வளையின் பின்வாசல் வழியாக மொத்தப் புகையும் அதன் முகத்துக்கே வந்தது.

"ஐயோ, யாராவது இழுங்க!"

"எதைப் பிடிச்சு இழுக்க? முழுக்க முள்ளா இருக்கே!" என்றது கீரி.

"அப்ப அடுப்பையாவது அணைங்க!"

முயல் அடுப்பருகே போய்த் திரும்பி நின்று, பின்னங்காலைத் தூக்கியது. "ஒரே உதைதான், மண்ணு மூடிடும். முடிவைச் சொல்லுங்க, உதைக்கிறேன்!"

"கூடாது! யார் வாசல்லயும் அடுப்பு கூடாது! சுடுறவங்க ஆத்து மணல்ல போய்ச் சுடுங்க! அச்சூ!"

முயல் உதைத்தது. அடுப்பு அணைந்தது.

"எனக்கும் அதுதான் நல்லது! இத்தனை நாள்ல ஒரு நண்டுகூடச் சுடலியே நான்!" என்று கீரி ஆற்றுக்கு ஓடியது.

வயிறு வற்றும்வரை முள்ளம்பன்றி அப்படியே கிடந்தது. முயல்குட்டிகள் எட்ட உட்கார்ந்து, வாசலில் நீட்டிக்கொண்டிருந்த முள்மூட்டையை வேடிக்கை பார்த்தன.

தன் வாய்க்கு ருசி கிடைக்கிறவரை நியாயத்தைத் தள்ளிப்போடுகிறவனுக்கு, அடுத்தவரை வாட்டும் புகை தன் மூக்கில் ஏறும்போதுதான் புத்தி வரும்.