ஒரே மூச்சில் சொல்

கல்குவாரியில் இருபது வருஷம் ஜல்லி உடைத்ததில் வெள்ளத்தாயிக்கு நுரையீரல் போய்விட்டது. நஷ்டஈடு கேட்க, தூசியால் வந்த நோய்தான் என்று சான்று வாங்க மருத்துவக் குழுவிடம் நடையாய் நடந்தாள். குழுத் தலைவர் டாக்டர் சந்திரமௌலிக்குக் குவாரி ஆட்கள் எல்லாருமே நடிக்கிறவர்கள்.

"உன் நோய்க்கு இங்கிலீஷில் என்ன பேர் தெரியுமா? நியூமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். இதை ஒரே மூச்சில் சொல்லு, கையெழுத்துப் போடறேன்."

கூட இருந்த இரண்டு டாக்டர்களும் சிரித்தார்கள்.

பெரிய பாறையை யாரும் ஒரே அடியில் உடைப்பதில்லை. வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கித்தான் பிளப்பார்கள். மகளை எழுதச் சொல்லி அந்தப் பேரையும் பத்தொன்பது துண்டாகப் பிளந்து, மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த மாதம் போய் நின்றாள்.

"நியூ... மோ... நோ..."

ஆறாவது துண்டில் இருமல் பிடித்தது. பதினோராவதில் மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் ஒரு துண்டும் தப்பவில்லை.

"ஒரே மூச்சில் சொல்லலையே," என்றார் தலைவர்.

"நீங்க ஒரே மூச்சில் சொன்னீங்கய்யா, ஏன்னா உங்களுக்கு அந்த நோய் இல்லை. நானும் அப்படிச் சொல்லியிருந்தா எனக்கும் இல்லைன்னுதானே எழுதியிருப்பீங்க? எனக்கு எத்தனை மூச்சு ஆச்சுன்னு எண்ணினீங்களா?"

பக்கத்து டாக்டர் எண்ணியிருந்தார். "பதினாலு," என்று தலை குனிந்தபடியே சொல்லி, தாளைத் தலைவர் பக்கம் தள்ளினார்.

கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள். ஒரு வருஷம் அலைந்து ஜெயித்தாயிற்று. இனி அவள் பிழைக்க மாட்டாள் என்பதற்கு அரசாங்க முத்திரையே இருக்கிறது.