ரெக்கார்டில் இல்லாத இடம்

செண்பகவல்லிக்கு நடந்தது அநியாயம். அதைச் செய்தவன் பெயர் அபினேஷ்.

பல்கலைக்கழக இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கிறவன் அவன்தான். ஊருக்கே மனப்பாடமான ஒரு பாட்டு. அதில் இருந்த பேஸ் கிட்டாரை மட்டும் ஒரு செயலியால் நீக்கிவிட்டு, அந்தக் காலி இடத்தில் தன் பேஸை வாசித்து, வீடியோவாக்கி அனுப்பியிருந்தாள் அவள். மூன்று வருஷமாக அவள் செய்து போடுகிற வேலைதான் அது. அவன் அந்த வீடியோவைக் குழுவின் பக்கத்தில் போட்டு, மேலே ஒரு வரி எழுதினான்.

‘கை இவளுடையது. சத்தம் ரெக்கார்டுடையது.’

கீழே எல்லாரும் சிரித்து வைத்திருந்தார்கள்.

செண்பகவல்லி கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பாளையங்கோட்டையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கடைக்கு மேலே இருக்கிற மாடிக்கு ஏறினாள். மூச்சு வாங்கியது. கோபத்துக்குப் பாதி, படிக்குப் பாதி.

மாடியில் ரூத் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லிக்கு பேஸ் சொல்லிக்கொடுத்தவள். இவளைவிட நாலைந்து வயதுதான் கூட. கச்சேரி மேடைகளில் பின்வரிசையில் நின்று வாசிக்கிறவள். அதனால் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. பாட்டு வாசிக்கிறவர்களுக்கு அவள் பெயர் தெரியும்.

“அக்கா, எனக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுக்கணும்.”

“என்னன்னு?”

“இவ என்கிட்ட படிச்சவ, இவதான் வாசிக்கா, அப்படின்னு. கீழே உங்க பேரு. அவன் வாயை மூடிட்டுப் போயிருவான்.”

நடந்ததை எல்லாம் சொன்னாள். ரூத் வயரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை.

“நேர்ல வந்து வாசின்னு சொல்லலையா?”

“சொன்னான். வியாழக்கிழமை ஒத்திகைக்கு வரணுமாம். அன்னைக்குத்தான் குழுவுல யார் யாருன்னு முடிவு பண்ணுதானாம். வாசிச்சுக் காட்டினா யோசிப்பானாம். யோசிப்பானாம்க்கா! நான் எதுக்குப் போணும்? பழி போட்டது அவன். நிரூபிக்க வேண்டியவன் அவன். திருடலைன்னு காட்ட நான் ஏன் ஊர் முன்னால மடியை உதறணும்? அது ஒண்ணு. ரெண்டாவது, இதே வீடியோவை ஒரு பையன் அனுப்பியிருந்தா ‘மச்சான் கலக்கிட்டே’ன்னு எழுதியிருப்பானா, மாட்டானா? மூணாவது…”

“கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ.”

“மூணாவதைச் சொல்லிட்டு விடுதேன். என் விரல் விழற இடத்துலதான் சத்தம் விழுது. கண்ணு இருக்கிறவனுக்கு அது தெரியாதா?”

“நாலாவது?”

“யோசிச்சிட்டு இருக்கேன்.”

ரூத் சுருட்டிய வயரை ஆணியில் மாட்டினாள்.

“நான் எழுதிக் குடுத்தா நம்பிருவானா?”

“உங்க பேருக்கு நம்புவான்.”

“அப்போ அவன் நம்பினது என்னை.”

அதற்கும் ஒரு பதில் இருக்கத்தான் வேண்டும் என்று செண்பகவல்லிக்கு உறுதியாகத் தெரிந்தது. அது வருவதற்குள் ரூத் மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

அசல் பாட்டிலிருந்து பேஸை மட்டும் தனியாகப் பிரித்தாள். செண்பகவல்லியின் வீடியோவில் இருந்தும் பேஸை மட்டும் தனியாகப் பிரித்தாள். இரண்டிலும் ஒரே துண்டு, சரணத்துக்கு முந்தைய இடம்.

“இந்தா, ஹெட்போனை மாட்டு. கண்ணை மூடு.”

முதல் துண்டு ஓடியது. அடுத்தது ஓடியது.

“எது நீ?”

“ரெண்டாவது.”

“நிச்சயமா?”

“என்னக்கா கேள்வி இது? அந்த ரெண்டாவது கம்பியில ஒரு வழுக்கு வருதுல்லா, அது நான் தேய்ச்சுத் தேய்ச்சுப் பழகினது. என் விரல் எனக்குத் தெரியாதா?”

ரூத் திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

இரண்டாவது, ரெக்கார்டு.

“திரும்பப் போடுங்க.”

திரும்பப் போட்டாள். இந்தத் தடவை செண்பகவல்லி அவசரப்படவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, கடைசித் துளி வரைக்கும் கேட்டாள்.

“முதலாவது நான். இப்போ பிடிபட்டுட்டு.”

ரூத் வரிசையை மாற்றி வைத்திருந்தாள்.

கீழே கடையில் யாரோ காலித் தொட்டியை உருட்டினார்கள். செண்பகவல்லி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கிற ரகம் இல்லை அவள்.

“அப்படின்னா நான் அவ்வளவு நல்லா வாசிக்கேன்னுதானே அர்த்தம்?”

“ஆமா. ரொம்ப நல்லா வாசிக்கே.”

“எனக்கும் ரெக்கார்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லைன்னு ஆகுது!”

“அபினேஷும் அதைத்தானட்டி எழுதியிருக்கான்.”

“நீங்க யார் பக்கம்?”

ரூத் அடுத்த வயரை எடுத்தாள்.

மறுநாள் செண்பகவல்லி மறுபடி வந்தாள். வந்த வேகத்திலேயே பிளக்கைச் சொருகினாள்.

“இன்னைக்குக் கேளுங்க. இன்னைக்கு வித்தியாசம் தெரியும்.”

அதே பாட்டுதான். ஆனால் சும்மா இருந்த இடத்தில் எல்லாம் எதையாவது இட்டு நிரப்பியிருந்தாள். கட்டைவிரலால் கம்பியை அடித்தாள், ஆட்காட்டி விரலால் சுண்டினாள், மேலே ஏறினாள், கீழே உருண்டாள். பாடகர் அந்தப் பக்கம் எங்கேயோ ஒதுங்கிப் பாடிக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். நெற்றியில் வேர்வை.

“இது நான்தானே? இதை ரெக்கார்டுன்னு எவனாவது சொல்லுவானா?”

“சொல்ல மாட்டான்.”

“அப்போ?”

“யாரைட்டி திட்டினே இவ்வளவு நேரம்?”

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.

“அபினேஷை.”

“எனக்குக் கேட்டுச்சு,” என்றாள் ரூத். “பாட்டுதான் கேக்கலை.”

மடிக்கணினியை மூடினாள். ஜன்னல் ஓரத்தில் போய் உட்கார்ந்து, வாயால் அந்தப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். ரூத்துக்குக் குரல் சுமார்தான். மேல் ஸ்தாயிக்கு எட்டாது. எட்டாத இடத்தில் வெட்கப்படாமல் பாதியில் நின்றுகொள்வாள்.

“வாசி.”

செண்பகவல்லி வாசித்தாள். இரண்டாவது வரியில் ஒரு லாரி போனது. ரூத் பாட்டை நிறுத்தி, அது தாண்டிப் போகட்டும் என்று காத்திருந்து, விட்ட இடத்தில் தொடர்ந்தாள். அதற்குள் செண்பகவல்லி வரியின் கடைசிக்குப் போய்விட்டாள்.

“எங்கக்கா போயிட்டீங்க?”

“நான் இங்கேதான் உக்காந்திருக்கேன். நீ எங்கே போனே?”

“பாட்டுகூடப் போனேன்.”

“பாட்டு எங்கே இருக்கு?”

செண்பகவல்லி மடிக்கணினியைக் காட்டினாள். காட்டிய பிறகுதான் அது மூடியிருப்பதைப் பார்த்தாள்.

ரூத் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“அதெப்படி? ரெக்கார்டு இப்படி நடுவுல நிக்காதுல்லா.”

“நிக்காது. மூணு வருஷமா அதுகூட வாசிக்கே. ஒரு தடவையாவது உனக்காக நின்னிருக்கா?”

“ரெக்கார்டு எப்படிக்கா நிக்கும்? அதுக்குக் காதா இருக்கு?”

ரூத் மறுபடி முதலில் இருந்து பாடினாள்.

இந்த முறை லாரி போகவில்லை. ஆனால் இருமல் வந்தது. அதற்கடுத்த முறை செல்போன் அடித்தது. அதை எடுத்து, “பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டு, விட்ட சொல்லில் இருந்து பிடித்தாள். ஒரு தடவை ஒரு வரியை அவசரமாக முடித்தாள். அடுத்த வரியை ஆற அமர இழுத்தாள். ஒவ்வொரு தடவையும் செண்பகவல்லி ஒன்று முன்னால் போய் நின்றாள், அல்லது பின்னால் மாட்டிக்கொண்டாள். ரெக்கார்டோடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பாட்டு அது.

“நீங்க வேணும்னே பண்ணுதீங்க!”

“ஆமா. மத்தவங்க வேணும்னு பண்ண மாட்டாங்க. ஆனா பண்ணுவாங்க.”

“பாடுறவங்க சரியாப் பாடினா எனக்கு எதுக்கு இந்தப் பாடு? தப்பு அவங்களோடது. திருத்திக்க வேண்டியது அவங்க.”

“அவங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடுக்கவா?”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் வந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிய முகத்தோடு மறுபடி கம்பியைத் தொட்டாள்.

ரூத் பாடினாள். பல்லவி போனது. சரணம் வந்தது. மேலே ஏறுகிற வரி. அதற்கு முன்னால் ரூத்துக்குக் காற்றுப் போதவில்லை. இந்தத் தடவை வேண்டுமென்று செய்யவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சொல் வர வேண்டிய இடத்தில் சொல் வரவில்லை.

செண்பகவல்லி அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் முன்னால் போகவில்லை. இருந்த சுரத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கீழே இருந்து நாலு சுரம், ஒவ்வொன்றாக, கை கொடுத்துத் தூக்குகிற மாதிரி ஏறியது. நாலாவது சுரத்தில் ரூத்துக்கு மூச்சு வந்தது. அதன் மேலேயே கால் வைத்து ஏறி வரியைப் பாடினாள்.

பாட்டு முடிந்தது.

“அந்த நாலு சுரம் ரெக்கார்டுல எங்கே வருது?”

“வரலை.”

“பிறகு?”

“உங்களுக்கு மூச்சு வாங்குச்சு.”

ரூத் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“சரி, கிளம்பு. அடுத்த வகுப்புக்கு ஆள் வந்துரும்.”

“நீங்க எழுதியே குடுக்கலையே.”

“இன்னும் வேணுமா?”

செண்பகவல்லி கிட்டாரை உறைக்குள் போட்டாள். படி இறங்கும்போது அந்த நாலாவது வாதம் அவளுக்குக் கிடைத்தது. நல்ல வாதம். திரும்பி ஏறிச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகைக்குப் போனாள். யாருக்கும் எதையும் நிரூபிக்கப் போகவில்லை என்று வாசலில் நின்ற இரண்டு பேரிடம், அவர்கள் கேட்காமலேயே, சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

மேடையில் டிரம்ஸில் லிங்கதுரை இருந்தான். மைக் முன்னால் அனிஷா நின்றாள். அனிஷாவுக்கு அதுதான் முதல் ஒத்திகை, போதாததற்குச் சளி. கீழே முதல் வரிசையில் அபினேஷ்.

“பாட்டை ஸ்பீக்கர்ல போடட்டுமா? கூட வாசிக்க வசதியா இருக்கும்லா?” என்றான் அபினேஷ். குரலில் சிரிப்பு.

“வேண்டாம்ண்ணே. நீங்க கேட்டுக்கோங்க.”

அவன் உண்மையிலேயே கேட்டான். ஒரு காதில் இயர்போனை மாட்டி அசல் பாட்டை ஓடவிட்டுக்கொண்டு, இன்னொரு காதை மேடைக்குக் கொடுத்தான். ஒரு சுரம் பிசகினாலும் பிடித்துவிடலாம். லிங்கதுரை குச்சியால் நாலு தட்டினான்.

பல்லவி முழுக்க அபினேஷின் இரண்டு காதிலும் ஒரே பாட்டு. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

சரணத்தில் அனிஷா தொடங்க வேண்டிய இடம் வந்தது. தொடங்கவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்தது அரங்கத்துக்கே கேட்டது. லிங்கதுரையின் குச்சி அந்தரத்தில் நின்றது. இந்த மாதிரி இடத்தில்தான் எல்லாரும் நிறுத்திவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

பேஸ் நிற்கவில்லை. முன்னாலும் போகவில்லை. அனிஷாவின் காலடியில் இருந்த சுரத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. செண்பகவல்லி கம்பியைப் பார்க்கவில்லை, அனிஷாவின் தோளைப் பார்த்தாள். அனிஷா இருமினாள், எச்சில் விழுங்கினாள். தோள் மெல்ல உயர்ந்தது. பேஸும் உயர்ந்தது. இதற்கு முன் எங்கேயும் வராத ஒரு வழியில் ஏறிப் போய், ஒரு சுரத்தில் அசையாமல் நின்றது.

அனிஷா அங்கே வந்து சேர்ந்தாள்.

லிங்கதுரை, “அப்படிப் போடு!” என்று கத்திவிட்டு இரண்டு குச்சியையும் இறக்கினான். அதற்குப் பிறகு பாட்டு எந்த ஒருவர் கையிலும் இல்லை, மூன்று பேர் கையிலும் இருந்தது.

மேடையில் பாட்டு முடிந்தபோது அபினேஷின் காதில் அது எப்போதோ முடிந்திருந்தது.

“நான் செத்தேன்னு நினைச்சேன்,” என்றாள் அனிஷா. கண்ணில் தண்ணீர் நின்றது, சளியாகவும் இருக்கலாம். “நீ என்னை விட்டுட்டுப் போயிருவேன்னு நினைச்சேன்.”

லிங்கதுரை டிரம்ஸுக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டான்.

“அண்ணே, இவதான் வேணும். வேற ஆளைக் கொண்டாந்தீங்கன்னா டிரம்ஸுக்கும் வேற ஆளைப் பாத்துக்கோங்க. முதல்ல அந்தப் பதிவை எடுங்க, அசிங்கமா இருக்கு.”

அபினேஷ் செல்போனை எடுத்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வரியை அழித்தான். குழுவின் பட்டியலில் பேஸ் என்று இருந்த இடத்துக்கு எதிரே செண்பகவல்லி என்று தட்டினான். அதற்குப் பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. இயர்போனைக் கழற்றி விரலில் சுற்றிக்கொண்டே மேடையை நிமிர்ந்து பார்த்தான்.

“எல்லாம் சரி. ஆனா அந்தச் சரணத்துக்கு முன்னால வாசிச்சியே, அந்த இடம். ரெக்கார்டுல அப்படி இல்லையே?”

செண்பகவல்லியிடம் முதலாவது இருந்தது, இரண்டாவது இருந்தது, மூன்றாவது இருந்தது. படியில் கிடைத்த நாலாவதும் இருந்தது. லிங்கதுரை அவளைப் பார்த்தான். அனிஷா அவளைப் பார்த்தாள்.

“இல்லை,” என்றாள் செண்பகவல்லி.