சுவரைப் பார்த்த சிவப்புக் கோடு

தூத்துக்குடியில் ஹோம் தியேட்டர் மாட்டுவதில் ஜெனிலாவை மிஞ்ச ஆளில்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. அவளுடைய சீடர் தங்கமாரியப்பனுக்கு ஐம்பத்தாறு. லாரி ஓட்டி அலுத்துப்போய் இந்த வேலைக்கு வந்தவர். அவளை "குருவே" என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலிக்குச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

அன்று காலையிலேயே கேட்டார். "இந்த வீட்டை நானே முடிச்சிட்டா, அடுத்த வீட்டுக்குத் தனியா அனுப்புவீயளா?"

"சாயங்காலம் சொல்லுதேன் அண்ணாச்சி."

வீடு பேச்சியம்மாளுடையது. அவர் மகள் முதன்முதலாகச் சினிமாவில் பாடியிருக்கிறாள். ஐந்து மணிக்குப் பாட்டு வெளியாகிறது. நாற்காலி போதாமல் சொந்தக்காரர்கள் தரையெல்லாம் உட்கார்ந்து, ஆளாளுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளுக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை.

வேலையை அவரிடம் விட்டுப்போன ஜெனிலா நாலே முக்காலுக்கு வந்தாள். தங்கமாரியப்பன் அவளை டிவிக்குப் பின்னால் கூட்டிப்போய் செல்போன் வெளிச்சம் அடித்துக் காட்டினார். அடேயப்பா, ஒரு வயர் தொங்கவில்லை. தார்ப்பாயை இழுத்துக் கட்டிப் பழகின கை அல்லவா, வயரைக் கட்டிய ஒவ்வொரு பிளாஸ்டிக் டேக்கும் இறுகி நின்றது. வயரின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு கண்ணை உறுத்துகிறதென்று, அதையும் சுவர்ப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்.

"பாட்டுப் போடுங்க," என்றாள்.

ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். மேளம் சப்பென்று இருந்தது. பாடுகிறவளின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி எங்கேயோ தேய்ந்து கேட்டது.

பேச்சியம்மாளின் முகம் வாடிவிட்டது. "எம்பிள்ள குரலும் இப்படித்தான் கேக்குமா?"

"தனித்தனியா காதை வச்சுக் கேட்டேன் குருவே. எல்லா ஸ்பீக்கரும் நல்லாத்தான் பாடிச்சு."

"இடது ஸ்பீக்கரக் கழட்டுங்க."

கழற்றினார். குரல் கணீரென்று வந்தது.

"அத மாட்டிட்டு வலதக் கழட்டுங்க."

அப்போதும் கணீர். இரண்டையும் மாட்டினார். குரல் மறுபடி தேய்ந்துவிட்டது.

"ரெண்டும் நல்ல ஸ்பீக்கர்தான குருவே?"

"நல்லதுதான். ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்கு. ஒண்ணுல வயர மாத்திச் சொருகிட்டீய."

சிவப்புக் கோடு போட்ட வயர் சிவப்புத் துளைக்குப் போகவேண்டும். எதில் மாறியது என்று பார்க்கக் கோடு தெரியவேண்டுமே. அது சுவரைப் பார்த்துக் கிடந்தது.

ஜெனிலா கட்டரை நீட்டினாள். நாள் முழுக்கக் கட்டினதை அவர் ஒருதரம் தடவிப் பார்த்தார். மணி நாலு ஐம்பத்தாறு. வெட்டினார். இடது ஸ்பீக்கரில்தான் மாறியிருந்தது. மாற்றிச் சொருகினார்.

ஐந்து மணி. மகளின் குரல் கூடத்தின் நட்டநடுவில் வந்து நின்றது. பேச்சியம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். சின்னப் பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் விசிலடித்தார்கள். பாட்டு ஓடின நாலு நிமிஷமும் தங்கமாரியப்பன் டிவிக்குப் பின்னால் குனிந்து, அவிழ்ந்து கிடந்த வயர்களை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் வியர்வையைத் துடைத்தபடி வெளியே வந்தார்.

"முன்னவிட அழகாக் கட்டியாச்சு குருவே. இப்பச் சொல்லுங்க. தனியா அனுப்புவீயளா?"

"அந்தப் பிள்ள பாடின முதல் வரியச் சொல்லுங்க அண்ணாச்சி. நாளைக்கே அனுப்புதேன்."

தங்கமாரியப்பன் பேச்சியம்மாளிடம் திரும்பினார். "அந்தப் பாட்ட இன்னொரு தடவ போடட்டுமா?"