வான்வேலியை நம்பாத தளபதி

வான்படைத் தளபதி மாசிலாமணிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பதுதான். ஒரு காலத்தில் ராணுவ ஆய்வுக்கூடத்தில் ஏவுகணைகளின் பாதையைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தவர் மெய்யம்மை. சேர்ந்த ஏழாம் ஆண்டில் வேலையை விட்டுவிட்டு மலைமேல் ஒரு குடில் போட்டுக்கொண்டார். ஏன் விட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

மனைவி இறந்த வருஷம் தளபதி முதன்முறையாக அங்கே போனார். அதன்பின் மாதம் ஒருமுறை போய் மெய்யம்மை முன்னால் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை.

இந்த முறை ஒரே வாரத்தில் திரும்பி வந்து நின்றார்.

"பின்னால் யாராவது வந்தார்களா?" என்று கேட்டார் மெய்யம்மை.

"ஒரு வண்டி வந்தது. அடிவாரத்தில் நிற்கிறது."

"உங்கள் ஆட்களா?"

"தெரியவில்லை அம்மா. இப்போதெல்லாம் யார் என் ஆள் என்று தெரியவில்லை."

மெய்யம்மை முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"வான்வேலி வேலை செய்யுமா?" என்றார் தளபதி.

வான்வேலி என்பது எதிரி ஏவும் ஏவுகணையை வானத்திலேயே இன்னொரு ஏவுகணையால் அடித்து வீழ்த்தும் ஏற்பாடு. பன்னிரண்டு வருஷமாக உருவாகி, அப்போதுதான் முடிந்திருந்தது.

"சோதனை செய்தீர்களே?"

"பத்து முறை. பத்தும் வெற்றி."

"பிறகென்ன?"

"பதினொன்றாவது ஒன்று இருந்திருக்கிறது. மழையால் ரத்து என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைய வானிலைப் பதிவை வாங்கிப் பார்த்தேன். ஒரு துளி மழை இல்லை."

மெய்யம்மை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பத்து ஏவுகணைகளையும் ஏவியது யார்?"

"நாம்தான்."

"எப்போது வரும் என்று வான்வேலிக்காரர்களுக்கு முன்பே தெரியுமா?"

"நேரம் தெரியும். திசையும் தெரியும்."

மெய்யம்மை எழுந்தார். குடிநீர்ப் பானையைத் தூக்கி வந்து முற்றத்தின் நடுவில் வைத்தார். முறத்தைத் தட்டிக் காலியாக்கித் தளபதியிடம் கொடுத்தார். கீழே கிடந்த கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார்.

"பானையைக் காப்பாற்றுங்கள். இதோ, இடப்பக்கம் எறிகிறேன்."

முறத்தில் கல் பட்டுத் தெறித்தது.

"இப்போது வலப்பக்கம்."

அதுவும் தெறித்தது. பத்துக் கற்களையும் தளபதி தடுத்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. மூச்சு வாங்க முறத்தைத் தாழ்த்தி, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது மெய்யம்மை எதுவும் சொல்லாமல் குனிந்து, காய்ந்த சாணி உருண்டைகளைக் கைநிறைய அள்ளி வீசினார். தளபதி பதறி முறத்தைத் தூக்கினார். ஏழெட்டு உருண்டைகள் முறத்தில் பட்டு உதிர்ந்தன. அவற்றோடு சேர்ந்து வந்த ஒரே ஒரு கல் பானையின் வயிற்றில் பட்டது. தண்ணீர் மண்ணில் ஓடியது.

"சொல்லிவிட்டு எறிந்திருக்கலாமே..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "அப்படியானால் வான்வேலி வீண்தானா?"

"அப்படி நான் சொல்லவில்லை. பத்துக் கல்லைத் தடுத்தீர்கள்."

"நாளை அமைச்சர் கேட்பார். நான் என்ன சொல்ல?"

"உங்களுக்குத் தெரிந்ததை."

சுனை மலைக்குப் பின்புறம் இருந்தது. தளபதி சீருடையோடு இறங்கிப் போய் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அடிவாரத்து வண்டி அவருக்குப் பின்னாலேயே போனது.

மறுநாள் கூட்டத்தில் அமைச்சர் வரைபடத்தை விரித்தார். எல்லைக்கு அப்பால் நாற்பது ஏவுகணைகள் நின்றன. விடியற்காலையில் நாம் முந்திக்கொண்டு தாக்கினால் முப்பதை அழித்துவிடலாம் என்றார்.

"மிச்சம் பத்து?" என்று கேட்டார் தளபதி.

"அதற்குத்தானே வான்வேலி? பத்துக்குப் பத்து அடித்திருக்கிறது."

"அந்தப் பத்தையும் ஏவியது நாம். அவர்கள் ஏவினால் எத்தனை விழும், எத்தனை நம் ஊர்களுக்கு வந்து சேரும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்பவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நான் விமானங்களை அனுப்புகிறேன்."

தாள் மேசையைச் சுற்றி வந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் பேனாவைத் திறந்தார். பதினொன்றாவது சோதனையைப் பற்றித் தளபதி கேட்டதும் மூடிவிட்டார். வெறுந்தாளாகவே அது தளபதியிடம் திரும்பி வந்தது. தாக்குதல் கைவிடப்பட்டது.

அந்த மாதமே மாசிலாமணியைப் பதவியிலிருந்து எடுத்து, ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள். அவர் எதிரிக்கு விலைபோனவர் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பழைய நண்பர்கள் தொலைபேசியை எடுக்கவில்லை. வான்வேலியை மட்டும் அரசு விடவில்லை. சுதந்திர தின அணிவகுப்பில் பெரிய வண்டிகளில் ஏற்றி ஊர்வலம் விட்டது. இனி ஒரு ஏவுகணையும் நம்மைத் தொட முடியாது என்று வானொலி நாள் முழுவதும் சொன்னது.

ஒரு வருஷம் கழித்து மாசிலாமணி மலைக்கு வந்தார். சீருடை இல்லை. பின்னால் வண்டியும் இல்லை. மெய்யம்மை அவருக்குக் கூழ் ஊற்றிக் கொடுத்தார். அவர் குடிக்கவில்லை.

"போன வருஷம் எல்லைக்கு அப்பால் நாற்பது ஏவுகணைகள் இருந்தன."

"இப்போது?"

"நூற்றிருபது. வான்வேலியைத் தாண்ட வேண்டுமாம். இரவு பகலாகச் செய்கிறார்கள்."

மெய்யம்மை கூழ்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"எனக்கு இது புரியவில்லை அம்மா. அவர்களிடமும் கணக்குத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அந்தப் பத்துச் சோதனைகளைப் பார்த்து, என்னைப் போல அங்கே ஒருவன் சந்தேகப்பட்டிருக்க மாட்டானா?"

"சந்தேகப்பட்டிருப்பான்."

"பிறகு ஏன் இத்தனை செய்கிறார்கள்?"

"வேலை செய்யாமல் போய்விட்டால் என்ன ஆவது என்பது உங்கள் சந்தேகம்" என்றார் மெய்யம்மை. "வேலை செய்துவிட்டால் என்ன ஆவது என்பது அவனுடைய சந்தேகம்."