தொள்ளாயிரம் துண்டுகள்

ஒரு நாட்டில் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் சேர்ந்து, வானத்தில் சுற்றும் தங்கள் செயற்கைக்கோள்களைக் காக்க ஒரு கூட்டுத் தலைமையகம் வைத்திருந்தன. கட்டடம் ஒன்று, தேநீர் வேளை மூன்று. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அங்கே தரைப்படையின் பிரதிநிதி கர்னல் சவரிநாயகம். வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருஷம் டாங்கிகளோடு குப்பை கொட்டியவருக்கு வானத்தைக் கற்றுக்கொடுத்தவர், சுற்றுப்பாதைப் பிரிவின் தலைவர் ஹமீதா பானு. கர்னலைவிடப் பதினாறு வயது இளையவர். தினமும் காலையில் கர்னல் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அவர் அறையில் போய் உட்காருவார். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இருந்ததில்லை.

அன்று நோட்டுப் புத்தகம் இல்லாமல் வந்தார். கையில் ஒரு கோப்பு. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விஷயம் இதுதான். உடைந்த பழைய ராக்கெட் பாகம் ஒன்று, மாலை நாலு மணிக்கு அவர்களுடைய செயற்கைக்கோளில் மோதக்கூடும் என்று ஹமீதா காலையிலேயே எச்சரித்திருந்தார். மூன்று படைக்கும் பொதுவான கோள் அது. பனிமலை உச்சியில் காவல் நிற்கும் நாற்பது வீரர்கள் கீழே இருப்பவர்களோடு பேச அதைவிட்டால் வேறு வழி கிடையாது. கோளைக் கொஞ்சம் நகர்த்தினால் தப்பிவிடும். நகர்த்தும்போது ஒரு மணி நேரம் எல்லோருக்கும் தொடர்பு அறும், அவ்வளவுதான். அதற்கான உத்தரவில் பகல் ஒரு மணிக்குள் மூன்று படையும் கையெழுத்துப் போடவேண்டும்.

பின்னால் ஏதாவது தவறு நடந்தால், முதல் கையெழுத்துப் போட்டவரைத்தான் முதலில் விசாரிப்பார்கள் என்பது அந்த அலுவலகத்தின் வழக்கம். ஆகவே இரண்டாவதாகக் கையெழுத்துப் போட எல்லோரும் எப்போதும் தயாராக இருந்தார்கள்.

கர்னல் பொரிந்து தள்ளினார். கடற்படை அதிகாரி, கப்பல்கள் பயிற்சியில் இருக்கின்றன, முதலில் விமானப்படை போடட்டும் என்கிறாராம். விமானப்படை அதிகாரியோ, விமானங்கள் வானத்தில் இருக்கின்றன, முதலில் கடற்படை போடட்டும் என்கிறாராம். நாலு தடவை மாடி ஏறி இறங்கியதில் முட்டி வலிதான் மிச்சமாம்.

"வெறுத்துப் போச்சு மேடம். இவங்கள எப்படித்தான் ஒண்ணு சேக்கறது?"

ஹமீதா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று கட்டம் போட்டார். ஒவ்வொன்றிலும் ஒரு படையின் பெயரை எழுதினார். தாளின் தலையில் தொள்ளாயிரம் என்று எழுதினார்.

"மோதுச்சுன்னா நம்ம கோள் ஏறக்குறைய தொள்ளாயிரம் துண்டாகும் சார். ஒவ்வொரு துண்டும் எங்க போகுது, யாரு மேல இடிக்குதுன்னு வருஷக்கணக்கா ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கணும். எந்தப் படை எத்தன துண்ட எடுத்துக்கும்னு கேட்டு எழுதிட்டு வாங்க."

மணி பதினொன்றரை ஆகிவிட்டது, இது என்ன நேரங்கெட்ட நேரத்தில் விளையாட்டு என்று கர்னலுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் ஹமீதா திரையின் பக்கம் திரும்பிவிட்டார். கற்றுக்கொடுத்தவர் சொல்லைத் தட்டமுடியாமல் கர்னல் முணுமுணுத்துக்கொண்டே ஐந்தாவது தடவையாக மாடி ஏறினார்.

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தவர் தாளை மேசைமேல் போட்டார். கோள் வேண்டும் என்று முதலில் கேட்டது விமானப்படை, துண்டையும் அவர்களே பொறுக்கட்டும் என்றாராம் கடற்படை அதிகாரி. அதை அதிகம் பயன்படுத்தியது கடற்படை என்றாராம் விமானப்படை அதிகாரி. இரண்டு கட்டத்திலும் பூஜ்யம்.

"பாத்தீங்களா? முழுசா இருக்கறவரைக்கும் எங்களுது, எங்களுதுன்னாங்க. ஒடஞ்சா ஒருத்தருக்கும் வேண்டாமாம்."

"உங்க கட்டத்துல என்ன எழுதினீங்க?"

கர்னல் தயங்கினார்.

"நானும் பூஜ்யம்தான் போட்டேன். அதையெல்லாம் பாத்துக்கிட்டு இருக்க தரைப்படைல ஆள் ஏது?"

சொல்லி முடித்த பிறகு அது அவர் காதுக்கே நன்றாக இல்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப தொள்ளாயிரமும் யார் பேர்ல போகும் மேடம்?"

ஹமீதா திரையை அவர் பக்கம் திருப்பினார். வானத்துக் குப்பையைப் பதிந்து வைக்கும் பட்டியல் அது. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், எண்ணுக்கு எதிரே ஒரு பெயர்.

"நாட்டோட பேர்ல சார். இதுல படைக்குன்னு கட்டம் கிடையாது."

கர்னல் கோப்பைத் திறந்தார். உத்தரவில் மூன்று கட்டங்களும் காலியாக இருந்தன. அவற்றில் முதல் கட்டம் தரைப்படையுடையது. காலையிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைந்தவர் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.