பூவாத்தா விட்ட வாய்க்கால்

குன்றுச் சரிவில் இரண்டு குடியிருப்புகள் இருந்தன. மேற்குச் சரிவில் இருந்ததை நரி சிங்காரம் அமைத்தான். கிழக்குச் சரிவில் இருந்ததை முள்ளம்பன்றி பூவாத்தா அமைத்தாள்.

ஒருநாள் காட்டின் தலைவர் யானையார் அறிவித்தார்.

“சிறந்த குடியிருப்புக்கு விருது! ஜெயிக்கும் குடியிருப்பைப் போலவே மற்றதையும் மாற்றி அமைக்க வேண்டும். நாளைக் காலையில் வந்து பார்ப்பேன்!”

பூவாத்தாவுக்குக் கவலை வந்தது. காரணம், அவளுடைய குடியிருப்பின் நடுவில் அகலமான வாய்க்கால் ஒன்று காய்ந்து கிடந்தது. அதில் யாரும் வளை தோண்டக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். முதல் வளையைத் தோண்டுவதற்கு முன்னால், ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டே உட்கார்ந்து, தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்தவள் அவள். பிடிவாதக்காரிதான்! ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்துவிட்டது. பார்த்ததைச் சொன்னால் நம்புவார் யாருமில்லை.

நரி சிங்காரம் தன் பக்கத்து வாய்க்காலை மூடி, அதன்மேல் வரிசையாக முப்பது வளைகள் தோண்டியிருந்தான்.

“என்ன பூவாத்தா, இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டு வச்சிருக்கே! கழுதை புரளவா?” என்று கேலி செய்தான் சிங்காரம். “நான் ஜெயிச்சதும் முதல் வேலை, உன் வாய்க்காலை மூடுறதுதான்!”

பக்கத்து வளை முயலும் பயந்துபோய் ஓடி வந்தது.

“அக்கா, நாமளே மூடிடலாமே! நாலு குடும்பம் கூடுதலா இருக்கலாம். விருதும் கிடைக்கும்!”

“விருது போனா போகட்டும்! வாய்க்கால் போச்சுன்னா உன் குட்டிங்க எங்கே போகும்?” என்று சீறினாள் பூவாத்தா. அவள் முட்கள் எல்லாம் சிலிர்த்துக்கொண்டன.

மறுநாள் யானையார் வரும் வழியில் மட்டும் சிங்காரம் மணல் தூவினான். மாவிலைத் தோரணம் கட்டினான். பின்பக்கத்துக் குப்பையைப் புதருக்குள் தள்ளினான். பூவாத்தாவோ வாய்க்காலில் விழுந்த சருகுகளை அள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த அலங்காரம் அவ்வளவுதான்.

யானையார் வந்தார். தோரணத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் குன்றின் உச்சிக்கு ஏறினார்.

“ஐயா! வழி இந்தப் பக்கம்!” என்று கத்தினான் சிங்காரம்.

“எனக்கு வழி தெரியும். தண்ணீருக்கு வழி இருக்கா என்றுதான் பார்க்கணும்! எல்லாரும் வளையை விட்டு வெளியே வாருங்கள்!” என்றார் யானையார்.

எல்லாரும் வெளியே வந்ததும், உச்சியில் ஊற்றுநீரால் எப்போதும் நிரம்பிக் கிடக்கும் சுனையில் தொப்பென்று உட்கார்ந்தார்!

சுனை பொங்கி இரண்டு சரிவுகளிலும் வழிந்தது. மேற்கே வந்த தண்ணீர் மணலை வாரிக்கொண்டு வளை வளையாகப் புகுந்தது. “ஐயோ, என் வளை! ஐயோ, என் வளை!” என்று எலிகளும் கீரிகளும் அலறின. கடைசி வளையில் சிங்காரம் ஒளித்து வைத்திருந்த கோழி மிதந்து போனது.

கிழக்கே வந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. சலசலவென்று ஓடி அடிவாரக் குளத்தில் சேர்ந்தது. ஒரு வளையின் வாசல்கூட நனையவில்லை. பூவாத்தாவுக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது.

“விருது பூவாத்தாவுக்கு!” என்று பிளிறினார் யானையார். “சிங்காரம், நாளையிலிருந்து உன் வாய்க்காலை நீயே தோண்டு! எந்த இடத்தில் என்று அந்த அம்மாவைக் கேட்டுக்கொள்!”

முயல் ஆசையாகத் தாமரை மாலையைக் கொண்டுவந்தது. போட்டதுதான் தாமதம், மாலை முள்ளில் கிழிந்து நார் நாராகத் தொங்கியது.

“மாலை கிடக்கட்டும்!” என்று சிரித்தாள் பூவாத்தா. “வாங்க, மழை வர்றதுக்குள்ளே மேற்கே தோண்டி முடிக்கணும்!”

பார்வைக்கு அழகாக இருப்பதைவிட, ஆபத்து வரும்போது அங்கே வாழ்பவர்களைக் காப்பதே சிறந்த ஊருக்கு அடையாளம்.