பாயசம் ஃபினிஷ்

தென்காசிப் பக்கம் கல்யாணச் சமையலுக்கு மூன்று பேர் சேர்ந்தே கிளம்புவார்கள். மாஸ்டர் குத்தாலம், அடுப்பு பார்க்கிற சொரிமுத்து, கரண்டி பிடிக்கிற பூலுடையார். கைப்பக்குவத்தைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும், அப்படி ஒரு சமையல். மண்டையைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஆண்டவன் மூளை பரிமாறிய நேரத்தில் மூவரும் கை கழுவப் போயிருந்தார்கள்.

சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அதுதான் தொல்லையே. "அடுப்பைப் பாத்துக்கோ"ன்னு சொன்னதற்காக, சொரிமுத்து பால் பொங்கி வழிந்து ஓடுகிற வரைக்கும் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றவன். கேட்டதற்கு, "பாலைப் பாக்கச் சொல்லலையே?" என்றான்.

ஆவுடையப்பன் மகள் கல்யாணத்துக்கும் இவர்கள்தான் சமையல். ஆவுடையப்பன் பம்பாயில் இருந்துவிட்டு வந்தவர். இங்கிலீஷ் கலக்காமல் அவருக்குத் தும்மலே வராது. அன்றைக்கு மனுசனுக்கு உதறல் வேறு. காரணம், மாப்பிள்ளையின் பெரியப்பா சங்கரபாண்டியன். வடை சின்னதாக இருக்கிறது என்று ஒரு கல்யாணத்தையே பாதியில் நிறுத்தியவர். வந்து உட்கார்ந்ததுமே சபையில் சொல்லிவிட்டார்: "முதல்ல எனக்குச் சேமியா பாயசம். அப்புறந்தான் பொண்ணுக்குத் தாலி."

ஆவுடையப்பன் சமையல்கட்டுக்கு ஓடிவந்தார். பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஏ குத்தாலம், மொதல்ல இந்தப் பாயசத்தை ஃபினிஷ் பண்ணுங்கவே. என் மானமே இதுலதான் இருக்கு!"

சொல்லிவிட்டு வந்த வேகத்தில் போய்விட்டார். மூவரும் அண்டாவைச் சுற்றி நின்றார்கள்.

"ஃபினிஷ்னா என்னலே?" என்று கேட்டார் குத்தாலம்.

சொரிமுத்து தாடையைத் தடவினான். "எங்க வீட்ல கேஸ் ஃபினிஷ் ஆயிட்டுன்னு பொண்டாட்டி சொன்னா. சிலிண்டரை உருட்டிப் பாத்தேன். உள்ள ஒண்ணும் இல்ல மாஸ்டர்."

"எனக்கும் போன்ல பேலன்ஸ் ஃபினிஷ் ஆச்சு. அதுலயும் ஒண்ணும் இல்ல" என்றான் பூலுடையார்.

"அப்போ அண்டாவுல ஒண்ணும் இருக்கக் கூடாது. அதான?"

"கீழ கொட்டிருவமா?"

"ஏ மூதி! முகூர்த்த நாளும் அதுவுமா பாயசத்தைக் கொட்டுனா வெளங்குமா? குடிச்சுத்தான் ஃபினிஷ் பண்ணணும்."

"எனக்கு சுகர் இருக்கே மாஸ்டர்."

"தொழில்னு வந்துட்டா சுகராவது உப்பாவது! குடிலே."

குடித்தார்கள். முதலில் டம்ளரில், அப்புறம் செம்பில். ஆசைக்குக் குடித்தது கொஞ்சம், கடமைக்குக் குடித்ததுதான் அதிகம். பூலுடையார் அழுதுகொண்டே குடித்தான். பாவம், அண்டாவை வழித்து நக்கியதும் அவன்தான்.

ஆவுடையப்பன் மறுபடி வாசலில் தலையை நீட்டினார். "பாயசம் ஃபினிஷா?"

"ஃபினிஷ் அண்ணாச்சி" என்றார் குத்தாலம். கூடவே ஒரு ஏப்பமும் வந்தது.

"வெரி குட்! எப்படி வந்திருக்கு?"

"ஏலக்காதான் ஒரு சிட்டிகை தூக்கல்."

"பரவால்ல, பரவால்ல. அப்படியே சாம்பார், அவியல், கூட்டு எல்லாத்தையும் ஃபினிஷ் பண்ணிருங்க!"

அவர் போனதும் மூவரும் சாம்பார் அண்டாவைப் பார்த்தார்கள். அது அவர்களைப் பார்த்துக் கொதித்தது. பூலுடையார் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். "என்னால முடியாது மாஸ்டர், மேளக்காரங்களைத் துணைக்குக் கூப்பிடுங்க!"

நல்லவேளை, மேளக்காரர்கள் வருவதற்குள் ஆவுடையப்பன் வந்துவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒரு டம்ளர் மொண்டு போகலாம் என்று அண்டா மூடியைத் திறந்தார். அண்டா பளபளவென்று இருந்தது. அவர் முகம்தான் அதில் தெரிந்தது.

"எங்கவே பாயசம்?"

"ஃபினிஷ் அண்ணாச்சி."

"அடப் பாவிகளா! என் பிள்ளை வாழ்க்கையையே குடிச்சுட்டீங்களே! ஃபினிஷ்னா கம்ப்ளீட் பண்ணச் சொன்னேன்வே! கம்ப்ளீட்! கம்ப்ளீட்!"

"அதை முதல்லயே சொல்லிருக்கலாம்லா" என்றார் குத்தாலம், கொஞ்சம் வருத்தத்தோடு.

வெளியே சங்கரபாண்டியன் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க காலைப் பிடிக்கேன். அண்டாப் பாயசம் கம்ப்ளீட்டா இப்பவே பந்திக்கு வரணும்!" என்று சொல்லிவிட்டு, அவரைச் சமாதானப்படுத்த ஓடினார்.

"கம்ப்ளீட்னா?" என்றான் பூலுடையார்.

"எங்க மதினி நகை வாங்கும்போது கடைக்காரன் கம்ப்ளீட் செட்டுன்னான்" என்றான் சொரிமுத்து. "பொட்டிக்குள்ள எல்லாம் இருந்துச்சு. ஒரு திருகாணிகூட கொறையல."

"அப்போ பாயசம் ஒரு சொட்டு கொறையாம அண்டாவுக்குள்ள இருக்கணும்."

"புதுசாக் காய்ச்சிருவமா மாஸ்டர்?"

"கூறுகெட்டவனே, அது வேற பாயசம்லா! அவரு கேட்டது இந்தப் பாயசம்."

"இந்தப் பாயசம் இப்போ எங்க இருக்கு?"

மூவரும் குனிந்து அவரவர் வயிற்றைப் பார்த்தார்கள். குத்தாலம் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஒரு சொட்டாவது சிந்துனமாலே? இல்லைலா? இடந்தான் மாறியிருக்கு!"

சற்று நேரத்தில், பரிமாறுகிற ஆட்கள் மூடி போட்ட அண்டாவை முக்கி முனகித் தூக்கிவந்தார்கள். "நல்ல கெட்டிப் பாயசம் போல" என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வந்துட்டு! பாயசம் வந்துட்டு!" என்று கத்தியேவிட்டார். சங்கரபாண்டியன் எழுந்துவந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தன் கையாலேயே மூடியைத் திறந்தார்.

உள்ளே, ஒருத்தர்மேல் ஒருத்தராக மூவரும் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னவே இது?"

"பாயசம் அண்ணாச்சி. கம்ப்ளீட்" என்றார் குத்தாலம், அசையாமல்.

சங்கரபாண்டியன் குனிந்து, மூவரையும் மோந்து பார்த்தார். ஏலக்காய் வாசம் வந்தது. முகம் லேசாக மலர்ந்தது.

"முந்திரி போட்ருக்கா?"

"போட்டிருக்கு அண்ணாச்சி" என்றார் குத்தாலம். "ஆனா அது பூரா சொரிமுத்துகிட்ட இருக்கு. அவன் அடியில கெடக்கான். நல்லாக் கலக்கிட்டு ஊத்தச் சொல்லுங்க."